ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பரிணாமத்தை ஏற்றுக்கொள்கிற கிறிஸ்தவர்களில் நானும் ஒருவன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் ஆனது. எனக்காக ஜெபம் பண்ணுவதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள், நன்றி, நிறுத்திவிட வேண்டாம். இவ்வளவு படித்துவிட்டு இன்னும் ஆலயத்துக்குப் போகிறீர்களே என்று வேறு சிலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இந்த முறை முழுக்க இதே விஷயம்தான், வேறு கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை உண்டு என்கிறார் பேராசிரியர். அதை நம்பினால் நீ வேதத்தை மறுதலிக்கிறாய் என்கிறார் எங்கள் பாஸ்டர். தேர்வில் ஒன்றை எழுதிவிட்டு சபையில் வேறொன்றுக்கு ஆமென் சொல்வது பொய்யாகப் படுகிறது. நான் எதை விட வேண்டும்?

பதில்: தம்பி, எதையும் விடுவதற்கு முன்னால் பேராசிரியர் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தச் சண்டையில் ஆதாரத்தைப் பார்க்காமலே கத்துகிறவர்கள்தான் இரண்டு பக்கமும் அதிகம்.

எலும்புகளை விடுங்கள், மரபணுவை மட்டும் எடுத்துக்கொள்வோம். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் ஐயாயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எந்தப் பிரதியைப் பார்த்து எந்தப் பிரதி எழுதப்பட்டது என்று வேத அறிஞர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? பிழைகளை வைத்துத்தான். சரியாக எழுதியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார்கள், அதிலிருந்து உறவுமுறை எதுவும் தெரியாது. ஆனால் ஒரே இடத்தில் ஒரே வரி விட்டுப்போன பிரதிகள் நாலைந்து இருந்தால், அவை ஒரே தாய்ப்பிரதியின் பிள்ளைகள் என்று தைரியமாகச் சொல்லலாம். உயிரியலும் இதே வேலையைத்தான் செய்கிறது. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சியைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது. அதற்கான மரபணு நமக்குள் இல்லாமல் இல்லை, பழுதாகிக் கிடக்கிறது. சிம்பன்சியிடமும் அதே மரபணு அதே இடத்தில் பழுதாகிக் கிடக்கிறது. அப்புறம் குரோமோசோம், அதாவது மரபணுக்கள் கோத்திருக்கும் இழை, அதன் கதை. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி, நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போனது? நம்முடைய இரண்டாம் குரோமோசோமில், குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய எழுத்து வரிசை நட்டநடுவில் இருக்கிறது. இரண்டு பழைய குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தழும்பு அது. நான் மாணவனாக இருந்தபோது இதெல்லாம் இவ்வளவு துல்லியமாகத் தெரியாது, அப்போது தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. உங்களுக்கு அந்த வசதி இல்லை.

இனி பாஸ்டர் பக்கம். அவர் சொல்வது சபையின் மிகப் பழைய, ஒரே நிலைப்பாடு என்று அவர் மனதார நம்புகிறார், ஆனால் வரலாறு அப்படி இல்லை. சூரியன் படைக்கப்பட்டது நான்காம் நாள் என்றால் முதல் மூன்று நாளுக்குக் காலையும் மாலையும் ஏது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற வேத அறிஞர் கேட்டுவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய அகஸ்டின், படைப்பு ஆறு நாள் நீளாமல் ஒரே கணத்தில் நடந்தது என்று நினைத்தார். (அவர் பூமியின் வயது ஆறாயிரம் ஆண்டுக்குள் என்றுதான் நம்பினார், அதையும் மறைக்கக்கூடாது.) அதே நூலில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி நன்றாகத் தெரிந்த ஓர் அவிசுவாசி, ஒரு கிறிஸ்தவன் அதைப் பற்றி வேத வசனம் சொல்லி உளறுவதைக் கேட்டால், அப்புறம் உயிர்த்தெழுதலைப் பற்றி அந்த வேதம் சொல்வதை மட்டும் எப்படி நம்புவான் என்று.

உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004இல் என்ற கணக்கு 1650இல் ஜேம்ஸ் அஷர் என்ற ஆயர் போட்டது. 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அதை அச்சிட ஆரம்பித்தார்கள், ஓரத்தில் இருந்தது மெல்ல மெல்ல வசனம் போலவே ஆகிவிட்டது. டார்வின் 1859இல் தன் நூலை வெளியிட்டபோது அமெரிக்காவில் அவருக்காக முதலில் வாதாடியவர் ஏசா கிரே, தாவரவியல் பேராசிரியர், தவறாமல் சபைக்குப் போகிறவர். வேதத்தில் ஒரு பிழைகூட இல்லை என்ற கொள்கைக்கு இறையியல் வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவரான பி.பி. வார்ஃபீல்டுகூட பரிணாமத்துக்குக் கதவை அடைக்கவில்லை. பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்கிற இளம்பூமிக் கொள்கை சபைகளில் இன்றைய அளவுக்குப் பரவியது 1961க்குப் பிறகு, நோவா காலத்து வெள்ளத்தை வைத்துப் புவியியலையே திருத்தி எழுதிய விட்கம், மோரிஸ் என்ற இருவரின் நூலுக்குப் பிறகு. உங்கள் தாத்தாவின் விசுவாசம் என்று உங்களுக்குச் சொல்லித்தரப்படுவது, உங்கள் தாத்தா வயதுகூட ஆகாததாக இருக்கலாம்.

ஆகவே தேர்வில் எழுதுவதை மனதார எழுதுங்கள். சபையில் அவசரப்பட்டு எழுந்து நின்று யாரையும் திருத்தப் போக வேண்டாம், ஆனால் நேரடியாகக் கேட்டால் மழுப்பாதீர்கள். பாஸ்டர் நல்ல மனிதராக இருந்தால் கொஞ்ச நாள் கோபம் இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?

பதில்: உங்கள் சித்தப்பா பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்தானே? இருவருக்கும் தாத்தா ஒருவர். இன்றைய சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. பிரிந்துபோய் 60, 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

கேள்வி: ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா? சிரிக்காமல் பதில் சொல்லவும்.

பதில்: சிரிக்கவில்லை. 1857இல் பிலிப் கோஸ் என்ற இயற்கையியலாளர் இதற்காக ஒரு புத்தகமே எழுதினார், தலைப்பே தொப்புள் என்ற கிரேக்கச் சொல். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும், ஏதேன் மரங்களுக்குள் வருட வளையங்கள் இருந்திருக்கும், அதேபோல கடவுள் பூமியைப் படைக்கும்போதே பழைய பாறைகளோடும் புதைபடிவங்களோடும் சேர்த்துப் படைத்துவிட்டார் என்பது அவர் வாதம். யோசித்துப் பார்த்தால் இந்த வாதத்தை யாராலும் உடைக்கவே முடியாது, எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் அதுவும் அப்படியே படைக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஆனாலும் புத்தகம் விற்கவில்லை. கோஸின் நண்பரும் சபை ஊழியருமான சார்ல்ஸ் கிங்ஸ்லி அவருக்கு எழுதிய கடிதத்தில், கடவுள் பாறைகளின்மேல் இவ்வளவு பெரிய பொய்யை எழுதி வைத்திருக்கிறார் என்று தன்னால் நம்ப முடியாது என்றார். எனக்கு இந்த விவகாரத்தில் முதன்முதலில் தெளிவு கொடுத்தது அந்தக் கடிதம்தான். நான் வணங்குகிறவர் பொய்யுரையாதவர் என்றால், அவர் கைவேலையில் எழுதியிருப்பதும் பொய்யாக இருக்க முடியாது.

கேள்வி: கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போல என்று வேதமே சொல்கிறது. ஆறு நாளை ஆறு யுகமாக எடுத்துக்கொண்டால் விஞ்ஞானமும் வேதமும் அழகாகப் பொருந்திவிடுமே, எதற்கு வீண் சண்டை?

பதில்: பொருந்தாது. நாளை எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்து நீட்டலாம், வரிசையை என்ன செய்வீர்கள்? ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் கனி தரும் மரங்கள் மூன்றாம் நாள், சூரியன் நான்காம் நாள், பறவைகள் ஐந்தாம் நாள், தரைவாழ் மிருகங்கள் ஆறாம் நாள். பாறைகளில் தரைவாழ் விலங்குகளுக்கு வெகுகாலம் பிந்தித்தான் பறவைகள் வருகின்றன, கனி மரங்கள் மீனுக்கும் பல்லி இனத்துக்கும் எவ்வளவோ பிந்தி வருகின்றன. இது போதாதென்று இரண்டாம் அதிகாரத்தில் வரிசை வேறு: முதலில் மனிதன், பிறகு தோட்டம், பிறகு மிருகங்கள், கடைசியில் பெண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? கால அட்டவணை போடுவது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

1925இல் டென்னசி மாநிலத்தில் டேட்டன் என்ற சிற்றூரில் பரிணாமம் கற்பித்த குற்றத்துக்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மேல் வழக்கு நடந்தது. வேதத்தின் சார்பில் வாதாட வந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை எதிர்த்தரப்பு வக்கீல் கிளாரன்ஸ் டாரோ சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டார். அந்த நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையனே ஒப்புக்கொண்டார். கூட்டத்தில் இருந்த அவருடைய ஆட்களுக்கே அது அதிர்ச்சி. பாதி நீட்டிக்கொடுத்தால் மீதியையும் கேட்பார்கள் என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. (ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம், மேல்முறையீட்டில் அதுவும் ஒரு நுணுக்கத்தைச் சொல்லி ரத்தானது.)

கேள்வி: ஆதாம் என்று ஒருவர் உண்மையில் இல்லை என்றால் பாவம் எங்கிருந்து வந்தது? பாவம் இல்லை என்றால் சிலுவை எதற்கு? இதற்குப் பதில் சொல்லாமல் மரபணு, குரோமோசோம் என்று பேசி என்ன பயன்?

பதில்: வந்த கடிதங்களிலேயே சரியான இடத்தில் கை வைத்தது நீங்கள்தான். நாள் கணக்கும் குரங்கும் மேலே நடக்கிற சண்டை, அடியில் வலிக்கிற இடம் ரோமர் 5ஆம் அதிகாரம். ஒரே மனுஷனால் பாவமும், பாவத்தினால் மரணமும் உலகத்துக்குள் வந்ததாகச் சொல்லி, அந்த ஒருவனுக்கு எதிரே கிறிஸ்துவை நிறுத்துகிறார் பவுல். இதை நாலு வார்த்தையில் சமாதானம் பண்ணிவிடுகிறவர்களை நம்பாதீர்கள், அது என் பக்கத்து ஆளாக இருந்தாலும் சரி.

மரபணு சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று மனிதர்களிடம் இருக்கிற மரபணு வேறுபாடுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், கடந்த சில லட்சம் ஆண்டுகளில் நம் இனம் எந்தக் கட்டத்திலும் ஒரே ஜோடியாகச் சுருங்கியதாகத் தெரியவில்லை, ஆயிரக்கணக்கானோர் இருந்திருக்கிறார்கள். 1987இல் 'மைட்டோகாண்ட்ரியா ஏவாள்' பற்றி ஓர் ஆய்வு வந்ததே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள் (மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லின் ஓர் உறுப்பு, அதன் மரபணு தாயிடமிருந்துதான் வரும்). அந்தப் பெயரால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் நம் எல்லாருடைய தாய்வழியும் போய்ச் சேர்கிறது, உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவளோடு வேறு பெண்களும் நிறைய இருந்தார்கள், அவர்களுடைய தாய்வழிகள் எங்கோ ஒரு தலைமுறையில் மகள் பிறக்காமல் அறுந்துபோயின, அவ்வளவே.

அப்படியானால் ஆதாம்? பரிணாமத்தை ஏற்கும் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. உயிரியல் கணிப்பியலாளர் ஜோஷுவா சுவாமிதாஸ் 2019இல் ஒரு சுவாரசியமான யோசனை சொன்னார். நமக்குப் பெற்றோர் இருவர், அவர்களுடைய பெற்றோர் நால்வர், இப்படியே 20 தலைமுறை போனால் பத்து லட்சத்துக்கு மேல், 30 தலைமுறையில் நூறு கோடிக்கு மேல் வந்துவிடும். அவ்வளவு பேர் அன்றைக்கு உலகத்திலேயே இல்லை, ஆகவே ஒரே ஆட்கள் எல்லாருக்கும் திரும்பத் திரும்பப் பாட்டன் பாட்டியாக வருவார்கள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு ஜோடி, தோட்டத்துக்கு வெளியே வேறு மனிதர்கள் இருந்த நிலையிலும், இன்றைய எல்லாருக்கும் மூதாதையராக இருக்க முடியும், மரபணுவில் அதன் தடயமே இல்லாமல். கணக்கு சரி. ஆதாமின் மகன் காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள், தன்னை யாரோ கொன்றுவிடுவார்கள் என்று அவன் யாருக்குப் பயந்தான் என்ற பழைய கேள்விகளுக்கும் இதில் இடம் இருக்கிறது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. தோட்டத்துக்கு வெளியே இருந்த அந்த மனிதர்கள் யார், அவர்களும் தேவசாயல்தானா என்ற கேள்வி பயங்கரமானது. 1655இல் ஐசக் லா பெய்ரேர் என்பவர் ஆதாமுக்கு முன்பே மனிதர்கள் உண்டு என்று எழுதினார். அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை, ஆனால் பிற்காலத்தில் அடிமைமுறைக்கு நியாயம் தேடியவர்கள் அந்த வகை எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, கறுப்பர்கள் ஆதாமின் சந்ததியே இல்லை என்றார்கள். மனித இனங்கள் எல்லாம் ஒரே வம்சம் என்று அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் யார் என்றால், டார்வின். ஒரே இரத்தத்தினாலே சகல ஜனங்களும் என்ற அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் அன்றைக்கு அவர் பக்கம் இருந்தது.

என் வாசிப்பைச் சொல்கிறேன், கட்டாயம் இல்லை. எபிரெயுவில் 'ஆதாம்' என்றால் மனிதன், 'அதமா' என்றால் மண். மண்ணிலிருந்து வந்த மண்ணன் என்று கதையே நமக்குக் குறிப்பு காட்டுகிறது. அதில் நடப்பது ஒரே ஒரு நாள் ஒரே ஒருவருக்கு நடந்ததாகத் தெரியவில்லை: கொடுத்ததை விட்டுக் கொடுக்காததன்மேல் கண் போவது, பிடிபட்டதும் மனைவிமேல் பழி போடுவது. பாவம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். அது இருக்கிறதா என்பதற்கு எனக்குப் புதைபடிவம் தேவையில்லை, நேற்று வீட்டில் நான் பேசிய பேச்சு போதும். சிலுவை எதற்கு என்பதற்கும் அதுவே போதும்.

பவுலின் வசனத்தைப் பற்றி ஒன்று. ஆதாமின் குற்றமே பிறக்கிற குழந்தை வரை சட்டப்படி வந்து சேர்கிறது என்ற கடுமையான வடிவம், பெரும்பாலும் அகஸ்டின் கையிலிருந்த லத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. அதில் 'அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்கிற மாதிரி இருந்தது. நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள், 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்' என்றுதான் இருக்கிறது, கிரேக்கத்துக்கு அதுவே நெருக்கம். கிழக்குச் சபைகள் (ஆர்த்தடாக்ஸ்) ஆதாமின் குற்றம் பிள்ளைகளுக்கு வருவதாகப் பொதுவாகச் சொல்வதில்லை, மரணமும் பலவீனமும் வருவதாகத்தான் சொல்கின்றன. கத்தோலிக்கர்களுக்கு 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ், உடல் முந்தைய உயிரினங்களிலிருந்து வந்திருக்கலாமா என்று ஆராயலாம், ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்றார். பல முதற்பெற்றோர் என்ற கருத்தை மட்டும் எப்படி ஜென்மபாவத்தோடு இணைப்பது என்று தெரியவில்லை என்று தடுத்து வைத்தார். 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார், ஆனால் அந்த முடிச்சை அவரும் அவிழ்க்கவில்லை.

இன்னொரு முடிச்சு இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. மனிதன் வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே விலங்குகள் ஒன்றையொன்று தின்றன, நோயில் செத்தன. அதையெல்லாம் ஆதாமின் தலையில் கட்ட முடியாது. அப்படியானால் அது யார் ஏற்பாடு? டார்வினே 1860இல் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் கேட்டார்: உயிருள்ள புழுவுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்னும் குளவியை, நல்ல கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பாரா? சர்வ சிருஷ்டியும் பிரசவவேதனைப்படுகிறது என்கிறார் பவுல் ரோமர் 8இல். பிரசவம் என்றால் வேதனைக்கு அந்தப் பக்கம் ஏதோ பிறக்கப்போகிறது. எனக்கு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது, அதைக் கேள்விக்கான விடை என்று உங்களிடம் விற்க மாட்டேன்.

கேள்வி: மனிதக் குரங்கின் எலும்பு என்று போலியைக் காட்டி விஞ்ஞானிகள் நாற்பது வருஷம் ஏமாற்றினார்களே, அவர்களை எப்படி நம்புவது?

பதில்: பில்ட்டவுன் மோசடியைச் சொல்கிறீர்கள். 1912இல் இங்கிலாந்தில் அறிவித்தார்கள்: மனித மண்டை ஓடு, ஒராங்குட்டான் தாடை, பல்லை அரத்தால் தேய்த்து, சாயம் ஏற்றிப் பழசாக்கியது. வெட்கக்கேடுதான். ஆனால் 1953இல் அதை அம்பலப்படுத்தியது யார்? விஞ்ஞானிகளேதான். அதைவிட வெட்கக்கேடு வேறொன்று. 1924இல் ஆப்பிரிக்காவில் ரேமண்ட் டார்ட் கையில் உண்மையான ஒரு குழந்தை மண்டையோடு கிடைத்தது, பில்ட்டவுனோடு ஒத்துப்போகவில்லை என்பதும் ஒரு காரணமாக, அதைப் பல வருஷம் பெரியவர்கள் மதிக்கவே இல்லை. 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த 'லூசி' என்ற எலும்புக்கூடு முதல் இன்றுவரை வந்திருக்கிற எலும்புகளுக்கு முன்னால் பில்ட்டவுன் எல்லாம் பழைய கதை. போலிப் போதகர்களை வைத்து சுவிசேஷத்தை எடைபோடாதீர்கள் என்று நாம் சொல்கிறோம் அல்லவா, அதே தராசை இங்கேயும் வையுங்கள்.

கேள்வி: நான் நாத்திகன். உங்கள் நிலை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஒன்று டார்வின், இல்லையென்றால் கடவுள். தைரியமாக ஒரு பக்கம் வாருங்கள்.

பதில்: டார்வினே உங்களோடு ஒத்துப்போக மாட்டார். உறுதியான ஆத்திகனாகவும் பரிணாமவாதியாகவும் ஒருவன் இருக்க முடியுமா என்று சந்தேகப்படுவது அபத்தம் என்று 1879இல் ஒரு கடிதத்தில் எழுதினார், உதாரணத்துக்கு ஏசா கிரேயையும் கிங்ஸ்லியையும் காட்டினார். அவர் தாமே கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டவர், அதையும் சொல்லிவிடுகிறேன். 1851இல் பத்து வயது மகள் ஆனி இறந்ததும், அவிசுவாசிகளுக்கு நித்திய தண்டனை என்ற போதனையும் அதில் பெரிய பங்கு.

உங்களிடம் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. விஞ்ஞானத்துக்கு இன்னும் விடை கிடைக்காத இடமாகப் பார்த்து அங்கே கடவுளைக் கொண்டுபோய் உட்கார வைத்தால், விடை கிடைத்த அன்றைக்கு அவரை எழுப்பிவிட வேண்டியிருக்கும். 2005இல் பென்சில்வேனியாவில் டோவர் பள்ளி வழக்கில் அதுதான் நடந்தது. பாக்டீரியாவின் வால் இழை தானாக உருவாகியிருக்கவே முடியாது என்பதை வைத்து 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று பள்ளிக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள், அது விஞ்ஞானம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பளித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ் லுத்தரன் சபைக்காரர், அந்த வாதத்தை உடைத்த முக்கிய சாட்சியான உயிரியலாளர் கென்னத் மில்லர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். எந்தக் கால் ஆறு, எந்தக் கால் சேறு என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்கு டைனோசர் பைத்தியம். நாற்பது பெயர் மனப்பாடமாகச் சொல்கிறான். வேதத்தில் டைனோசர் எங்கே அம்மா என்று கேட்கிறான். ஞாயிறு பள்ளியில் கேட்டதற்கு யோபுவில் வரும் பிகெமோத்தான் அது என்றார்களாம். அப்படியே சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பிகெமோத் நாணலுக்குள் படுத்துக் கிடக்கிற மிருகம், அதை நீர்யானை என்று சொல்கிறவர்களும் உண்டு. டைனோசர் என்ற சொல்லையே 1842இல்தான் ரிச்சர்ட் ஓவன் உருவாக்கினார் (அவர் பின்னாளில் டார்வினைக் கடுமையாக எதிர்த்தவர், பையனுக்குப் பிடிக்கும், சொல்லுங்கள்). கடைசி டைனோசர்கள் செத்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன, வேதம் எழுதியவர்கள் யாரும் அவற்றைப் பார்த்ததில்லை, அதனால் அதில் இல்லை என்று சொன்னால் ஒன்பது வயதுக்குப் புரியும். பறவைகள் டைனோசர் வம்சம்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள், அப்புறம் ஒரு வாரத்துக்கு ஜன்னலை விட்டு நகர மாட்டான்.

நாற்பது பெயர் சொல்கிறான் என்கிறீர்களே, அதைத் தடுக்காதீர்கள். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் மிருகங்களைக் கொண்டுவந்து நிறுத்தியதும் ஆதாம் செய்த முதல் வேலையே அதுதான்.